அமெரிக்க ஸ்பௌஸ் விசா: டாக்குமென்ட்ல பேரு ஒத்துப்போகலைன்னா என்ன பண்ணணும்? இனிஷியல், சர்நேம், எஃப்என்யு எல்லாத்துக்கும் படிப்படியா

கல்யாணம் ஆயிடுச்சு, வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ அமெரிக்காவுல இருக்காங்க, நீங்க தமிழ்நாட்டுல இருந்து சிஆர்1 இல்லன்னா ஐஆர்1 விசாவுல, அதாவது அமெரிக்க சிட்டிசனோட கணவனுக்கோ மனைவிக்கோ குடுக்கிற இமிக்ரன்ட் விசாவுல போகணும். பாஸ்போர்ட்ல வெறும் பேரு மட்டும் இருக்கு, சர்நேம் காலி. பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல இனிஷியலோட இருக்கு. ஆதார்ல அப்பா பேரு பின்னாடி ஒட்டியிருக்கு. பிறப்புச் சான்றிதழ எடுத்துப் பாத்தா குழந்தை பேருன்னு இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்ல. இப்படி இருக்கிறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நாங்க இதுல நிறைய அலைஞ்சோம், ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொன்னாங்க, கடைசியில எது தேவை எது தேவையில்லன்னு புரிஞ்சப்போ பாதி அலைச்சல் வேண்டாததுன்னு தெரிஞ்சுது.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். எல்லா டாக்குமென்ட்டையும் ஒரே பேருக்கு மாத்தணும்னு கிளம்பாதீங்க. அது முடியாது, அவங்க கேக்கவும் இல்ல. பாஸ்போர்ட்ல இருக்கிற பேருதான் தலைப்பேரு, மத்த எல்லாப் பேரையும் ஃபார்ம்ல ஒளிவுமறைவு இல்லாம எழுதிடணும், ஏன் அப்படி இருக்குன்னு ஒரு அஃபிடவிட்ல சொல்லிடணும். இந்த வரிசையில போனீங்கன்னா சரியா இருக்கும்.

1. எல்லாத்தையும் தரையில விரிச்சு வெச்சு ஒரு பட்டியல் போடுங்க

பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட் இருந்தா அதுவும், பிறப்புச் சான்றிதழ், பத்தாவது பன்னெண்டாவது மார்க் ஷீட், டிசி, டிகிரி, ஆதார், பான், வோட்டர் ஐடி, பேங்க் பாஸ்புக், கல்யாணச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிக்கை எல்லாத்தையும் எடுங்க. ஒரு நோட்டுல ஒவ்வொண்ணுலயும் பேரு எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்க. புள்ளி இருந்தா புள்ளி, இடைவெளி இருந்தா இடைவெளி. இனிஷியல் முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கா, அதையும்.

பக்கத்துலயே அப்பா பேரு, அம்மா பேரு ஒவ்வொரு டாக்குமென்ட்லயும் எப்படி இருக்குன்னும் எழுதுங்க. இத நிறைய பேர் விட்டுடுறாங்க. நம்ம பேருல மட்டும்தான் பாப்பாங்கன்னு நினைப்போம், ஆனா டிஎஸ்-260ன்னு சொல்ற இமிக்ரன்ட் விசா விண்ணப்ப ஃபார்ம்ல அப்பா அம்மா பேரு, பிறந்த தேதி எல்லாம் கேக்குது, பிறப்புச் சான்றிதழ்ல அம்மா பேரு லட்சுமின்னு இருந்து பாஸ்போர்ட்ல சுப்புலட்சுமின்னு இருந்தா அதுவும் ஒரு வித்தியாசம்தான்.

ஸ்பெல்லிங்கையும் கவனிங்க. கயல்விழின்னு ஒருத்தங்க இருக்காங்கன்னு வெச்சுக்குவோம், ழி-க்கு ஒரு இடத்துல இசட் ஹெச் போட்டிருப்பாங்க, இன்னொரு இடத்துல வெறும் எல் போட்டிருப்பாங்க. தமிழ்ல ஒரே பேருதான், இங்கிலீஷ்ல ரெண்டு பேரு. செந்தில்குமார்னு சேத்து ஒரு இடத்துல, செந்தில் குமார்னு பிரிச்சு இன்னொரு இடத்துல. இதெல்லாம் பட்டியல்ல வரணும். இந்தப் பட்டியல்தான் கடைசி வரைக்கும் உங்களுக்குக் கைகொடுக்கும், பின்னாடி வர்ற ஒவ்வொரு ஃபார்மும் இதப் பாத்துத்தான் நிரப்பப் போறீங்க.

பேங்க் பாஸ்புக்கு, வோட்டர் ஐடி, பான் கார்டு இதுலல்லாம் பேரு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா விசாவுக்காக மாத்த வேண்டாம், பட்டியல்ல இருந்தாப் போதும். ஆதார மாத்தணும்னா மாத்துங்க, ஆனா ஆதார்ல பேரு வாழ்நாள்ல ரெண்டே தடவைதான் மாத்த முடியும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. 2025 அக்டோபர்ல இருந்து கட்டணம் 75 ரூபா. பாஸ்போர்ட் பேரு எதுன்னு முடிவாகாம ஆதார்ல கை வைக்காதீங்க.

பிறந்த தேதி மாறியிருந்தா அது வேற விஷயம், பேரு மாதிரி அஃபிடவிட்ல முடிஞ்சிடாது. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது தேதிய மாத்திக் குடுத்த வழக்கம் நம்ம ஊர்ல இருந்தது, அப்படி இருக்கிறவங்க முதல்ல பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் ஒரே தேதியா இருக்கான்னு பாத்து அதச் சரி பண்ணிட்டுத்தான் மத்தது.

2. பாஸ்போர்ட்: முடிவு எடுக்க வேண்டிய இடம் இதுதான்

நம்ம ஆளுங்களுக்கு வர்ற பெரிய தலைவலி சர்நேம் காலியா இருக்கிறது. பாஸ்போர்ட்ல கிவன் நேம்ல மட்டும் பேரு இருந்து சர்நேம் காலியா இருந்தா, அமெரிக்க விசாவுல உங்க பேர முழுசா சர்நேம்ல போட்டுட்டு கிவன் நேம்ல எஃப்என்யுன்னு அடிச்சிடுவாங்க. முதல் பேரு தெரியலன்னு அர்த்தம். விசாவுல வந்தது அப்படியே கிரீன் கார்டுக்குப் போகும், அதுல இருந்து சோஷியல் செக்யூரிட்டி கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பேங்க், இன்ஷூரன்ஸ்னு எல்லா இடத்துலயும் உங்கள எஃப்என்யுன்னு கூப்பிடுவாங்க. ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கும்போது நம்ம பேர அப்படிக் கூப்பிட்டா எவ்வளவு சங்கடமா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அங்க போய் மாத்துறது செலவு, காலம் ரெண்டும் அதிகம். அதனால இங்கயே மாத்திட்டுப் போங்க.

பாஸ்போர்ட் சேவா சைட்ல ரீ-இஷ்யூன்னு எடுத்து, இருக்கிற விவரத்துல மாத்தம்னு காரணம் போடணும். 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபா, தட்கால்ல போனா மேல 2000. உங்க மாத்தத்துக்கு என்ன டாக்குமென்ட் வேணும்னு அதே சைட்ல டாக்குமென்ட் அட்வைசர்னு ஒண்ணு இருக்கு, அதுல உங்க விவரத்தக் குடுத்துப் பாத்துட்டு அந்தப் பட்டியல பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, கவுண்டர்ல ஏதாவது சொன்னா காட்டலாம்.

சர்நேம்ல என்ன போடுறது? இதுக்கு வீட்டுல பேசி ஒரே தடவை முடிவு பண்ணுங்க. ரெண்டு வழிதான்.

அப்பா பேர சர்நேமா போடுறது ஒரு வழி. உங்க இனிஷியல் எதுவோ அதோட விரிவுதான் அது, பள்ளிக்கூடச் சான்றிதழ், ஆதார் எல்லாத்தோடயும் ஒட்டி வரும், விளக்கம் சொல்றதும் சுலபம். என்னக் கேட்டா இதத்தான் சொல்வேன்.

இன்னொரு வழி புருஷன் பேர சர்நேமா போடுறது. போடலாம், தப்பில்ல, கல்யாணச் சான்றிதழ் வேணும். ஆனா ஒண்ணு யோசிங்க. அவரோட பாஸ்போர்ட்ல சர்நேம் அவங்க அப்பா பேரா இருக்கும். நீங்க அவர் பேரப் போட்டீங்கன்னா உங்க சர்நேம் அவரோட கிவன் நேம். அங்க குடும்பம் முழுக்க ஒரே சர்நேம்னு எதிர்பாக்கிற ஆளுங்களுக்கு அது புரியாது, மாமனார் பேரப் போட்டா உங்களோட எந்தச் சான்றிதழோடயும் ஒட்டாது. கல்யாணம் ஆனா பேர மாத்தியே ஆகணும்னு இந்தியாவுலயும் சட்டம் இல்ல, அமெரிக்க விசாவுக்கும் கேக்கல. பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துல கணவர் பேரு வந்தாப் போதும்னு நினைக்கிறவங்க பேர மாத்தாம துணைவர் பேர மட்டும் சேத்துக்கலாம்.

பேரையே முழுசா வேறயா மாத்துறவங்களுக்கு கெஜட் அறிவிப்பு வேணும். சென்னையில எழுதுபொருள் அச்சுத்துறை மூலமா தமிழ்நாடு அரசிதழ்ல பகுதி 6, பிரிவு 4-ல வரும். கட்டணம் சில நூறு ரூபாதான், ஆனா விண்ணப்பத்துல பழைய பேரும் புதுப் பேரும் ஒரு எழுத்து கூட பிசகக் கூடாது, கெஜட்ல தப்பா வந்தா திரும்பவும் முதல்ல இருந்து ஓடணும். வெறும் இனிஷியல விரிக்கிறதுக்கு கெஜட் வரைக்கும் போகணும்னு ஏஜென்ட் யாராவது சொன்னா உடனே காச எடுத்து நீட்டாதீங்க, முதல்ல டாக்குமென்ட் அட்வைசர்ல பாருங்க.

முடிஞ்ச வரைக்கும் ஐ-130, அதாவது அமெரிக்காவுல இருக்கிற துணை உங்களுக்காகப் போடுற மனு, அதப் போடுறதுக்கு முன்னாடியே புது பாஸ்போர்ட் கையில இருக்கட்டும். ஏற்கனவே போட்டாச்சா, பயப்பட வேண்டாம், மனுவ திரும்பப் போட வேண்டியதில்ல. புது பாஸ்போர்ட் வந்ததும் அடுத்த கட்டத்துல புதுப் பேரக் குடுத்து, பழைய பேர மத்த பேருகள்ல எழுதி, பழைய பாஸ்போர்ட்டையும் கூடவே எடுத்துட்டுப் போகணும். பழைய பாஸ்போர்ட்ட எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீங்க.

3. கல்யாணச் சான்றிதழ்: கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி படிங்க

கோயில்ல குடுத்த ரசீது, சர்ச்ல ஜமாத்துல குடுத்த சான்று மட்டும் பத்தாது, சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்ச சான்றிதழ் வேணும். தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எந்த மதமா இருந்தாலும் பதியணும். கல்யாணம் ஆன 90 நாளுக்குள்ள 100 ரூபா, அதத் தாண்டி 150 நாளுக்குள்ள 150 ரூபா. நாள் தாண்டிப்போன இந்துத் தம்பதிங்க 1955 இந்து திருமணச் சட்டத்துல பதியலாமான்னு அதே ஆபீஸ்ல கேளுங்க. அமெரிக்காவுல இருந்து லீவுல வந்தவர் திரும்பிப் போறதுக்குள்ள பதியணும்னு அவசர அவசரமா பண்ணும்போதுதான் தப்பு நடக்குது.

விண்ணப்பத்த ஆன்லைன்ல நீங்களே நிரப்புங்க, இல்ல வெளிய டைப்பிங் சென்டர்ல குடுத்தா பக்கத்துலயே உக்காருங்க. அவங்க ஆதாரப் பாத்து அடிச்சிடுவாங்க. உங்களுக்கு வேணுங்கிறது பாஸ்போர்ட்ல இருக்கிற பேரு, ரெண்டு பேருக்குமே. அமெரிக்காவுல இருக்கிறவர் அங்க சிட்டிசன் ஆகும்போது பேர மாத்தியிருந்தா இப்ப இருக்கிற பேருதான் வரணும், பழைய பேரு இல்ல.

எங்களுக்கு இழுத்தது மணமகன் அப்பா பேருதான். அவரோட பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, பதிஞ்ச சான்றிதழ்ல இன்னொரு மாதிரி. ரொம்பச் சின்ன வித்தியாசம்னு பதிவு பண்ணவர் சொன்னார், அதத் திருத்தி வாங்கத்தான் எங்களுக்கு ரொம்ப நாள் போச்சு. அதனால சொல்றேன், கம்ப்யூட்டர்ல காட்டும்போதே பேரு, அப்பா அம்மா பேரு, பிறந்த தேதி, கல்யாணத் தேதி, கல்யாணம் நடந்த இடம்னு ஒவ்வொரு வரியா வாய்விட்டுப் படிங்க. பின்னாடி லைன் நிக்குதுன்னு கூச்சப்படாதீங்க.

ரெண்டு பேர்ல யாருக்காவது இது ரெண்டாவது கல்யாணம்னா, முதல் கல்யாணத்தோட விவாகரத்துத் தீர்ப்புலயோ இறப்புச் சான்றிதழ்லயோ இருக்கிற பேரையும் பட்டியல்ல சேருங்க. அந்தக் கல்யாணத்துல பேரு மாத்தியிருந்தா அதுவும் நீங்க வெச்சிருந்த ஒரு பேருதான்.

4. பிறப்புச் சான்றிதழ்

என்விசி, அதாவது மனு அப்ரூவ் ஆனதும் ஃபைலப் பாக்கிற அமெரிக்காவோட நேஷனல் விசா சென்டர், அந்தக் கட்டத்துல இது கட்டாயம், ஆனா இப்பவே ஆரம்பிங்க, ஏன்னா இதுதான் அதிகமா இழுக்கும்.

பேரு இல்லாத சான்றிதழ்: ஆஸ்பத்திரியில பிறந்தப்பவே பதிவாகியிருக்கும், பேரு வெச்சது அப்புறம், யாரும் போய்ச் சேக்கல. பதிஞ்சு 15 வருஷத்துக்குள்ள பேரச் சேக்கணும்னு விதி, அதுக்கு மேலயும் சேக்க அரசாங்கம் அவ்வப்போது கால நீட்டிப்பு குடுத்திருக்கு. உங்க நகராட்சி, பேரூராட்சி, கிராமம்னா விஏஓ கிட்ட இப்போதைக்கு என்ன நிலைன்னு கேளுங்க. சேக்கும்போது பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே சேருங்க, ஒரு தடவை சேத்தா அப்புறம் மாத்துறது லேசுப்பட்ட காரியம் இல்ல.

பதிவே இல்ல: கிடைக்கவில்லைன்னு ஒரு சான்று, அதாவது நான்-அவைலபிலிட்டி சர்டிஃபிகேட், பிறந்த ஊர் உள்ளாட்சி ஆபீஸ்லயே வாங்கணும். அது கூட அப்பாவோ அம்மாவோ, அவங்க இல்லன்னா நெருங்கின சொந்தக்காரர் ஒருத்தரோ நோட்டரி முன்னாடி குடுக்கிற அஃபிடவிட், பள்ளிக்கூடச் சான்றிதழ் இதெல்லாம் சேத்துக் குடுக்கணும். வெறும் அஃபிடவிட்ட மட்டும் குடுத்துட்டு அந்தச் சான்ற விட்டுடுறாங்க நிறைய பேரு, அப்புறம் திருப்பி அனுப்பிடுறாங்க.

அப்பா பேரோ அம்மா பேரோ ஸ்பெல்லிங் தப்பு: திருத்த முடிஞ்சா திருத்துங்க, முடியலன்னா அப்பா அம்மா தனியா ஒரு அஃபிடவிட் குடுக்கட்டும். அவங்க பேருக்கு அவங்கதான் சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது.

5. ஒரே ஆள்தான்னு சொல்ற அஃபிடவிட்

நோட்டரி ஆபீஸ்ல கேட்டா ஒரு பழைய மாதிரிய எடுத்து நாலு வரியில முடிச்சுக் குடுத்துடுவாங்க, ஒரு பேரையும் இன்னொரு பேரையும் போட்டு ரெண்டும் நான்தான்னு. அது பத்தாது. நீங்களே இங்கிலீஷ்ல எழுதி பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, ஸ்டாம்ப் பேப்பர்ல அடிக்கச் சொல்லுங்க.

அதுல இருக்க வேண்டியது என்னன்னா, முதல்ல உங்க பேரு பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி, அப்பா பேரு, வயசு, முகவரி, பாஸ்போர்ட் நம்பர். அப்புறம் ஒரு அட்டவணை, இடது பக்கம் டாக்குமென்ட் பேரும் நம்பரும், வலது பக்கம் அதுல பேரு எப்படி இருக்கோ அப்படியே. முதல் படியில போட்ட பட்டியலத்தான் இங்க எழுதப் போறீங்க. அதுக்குக் கீழ காரணம். இது ரொம்ப முக்கியம். தமிழ்நாட்டுல பரம்பரைச் சர்நேம் வழக்கம் கிடையாது, அப்பா பேரோட முதல் எழுத்த இனிஷியலா போடுறோம், என் பேருக்கு முன்னாடி இருக்கிற இந்த எழுத்து என் அப்பா இன்னாரோட பேரக் குறிக்குதுன்னு தெளிவா ரெண்டு மூணு வாக்கியம். இன்டர்வியூ நடக்கிற மும்பையில ஃபைலப் பாக்கிற அதிகாரிக்கு இது தெரிஞ்சே இருக்கும், ஆனா அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல உக்காந்து மனுவப் பாக்கிறவருக்குத் தெரியணும்னு அவசியம் இல்ல. கடைசியா இந்தப் பேருகள் எல்லாம் ஒரே ஆளான என்னையே குறிக்கும்னு ஒரு வரி, கையெழுத்து, தேதி, நோட்டரி முத்திரை.

கையெழுத்து பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே போடுங்க. ரெண்டு மூணு ஒரிஜினலா வாங்கி வெச்சுக்கோங்க, ஒண்ணு அமெரிக்காவுக்கு அனுப்ப, ஒண்ணு இன்டர்வியூவுக்கு. ஒரு ஆளுக்கு ஒரு அஃபிடவிட், எல்லா வித்தியாசமும் அதுலயே. ஸ்பெல்லிங்குக்கு ஒண்ணு இனிஷியலுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போட்டா பாக்கிறவருக்குக் குழப்பம்தான்.

அஃபிடவிட் இருந்தா எல்லாம் சரியாயிடும்னும் நினைக்காதீங்க. இனிஷியல், ஸ்பெல்லிங், சேத்து எழுதினது பிரிச்சு எழுதினது இதுக்கெல்லாம் போதும். பேரே முழுக்க வேறன்னா, அதாவது பள்ளிக்கூடத்துல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல சம்பந்தமே இல்லாத இன்னொரு பேருன்னா, கெஜட்டோ கோர்ட் ஆர்டரோ மாதிரி அரசாங்க ஆதாரம் கேப்பாங்க.

6. மொழிபெயர்ப்பு: இங்க புதுசா ஒரு வித்தியாசம் முளைக்கும்

தமிழ்ல இருக்கிற எந்த டாக்குமென்ட்டையும் முழுசா இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துக் குடுக்கணும், சுருக்கம் கூடாது, முத்திரையில இருக்கிற எழுத்து வரைக்கும். மொழிபெயர்த்தவர் எனக்கு ரெண்டு மொழியும் நல்லாத் தெரியும், இது முழுமையான சரியான மொழிபெயர்ப்புன்னு எழுதி, பேரு, முகவரி, தேதியோட கையெழுத்து போடணும். அவர் அரசாங்க அங்கீகாரம் பெற்றவரா இருக்கணும்னு இல்ல, தமிழும் இங்கிலீஷும் நல்லாத் தெரிஞ்ச நண்பர் பண்ணலாம். நீங்களோ உங்க துணையோ பண்றதத் தவிர்த்துடுங்க.

மொழிபெயர்க்கிறவர் கிட்ட உங்க பாஸ்போர்ட் காப்பிய முதல்ல குடுங்க. தமிழ்ல இருக்கிறது அதே பேருன்னா பாஸ்போர்ட்ல இருக்கிற ஸ்பெல்லிங்கத்தான் போடணும், அவர் இஷ்டத்துக்கு எழுதினா ஏற்கனவே இருக்கிற நாலு ஸ்பெல்லிங் கூட அஞ்சாவதா ஒண்ணு சேரும். அதே சமயம் தமிழ்ல வெறும் இனிஷியல்தான் இருந்தா அவர் அத விரிச்சு எழுதவும் கூடாது. உள்ளது உள்ளபடி.

கல்யாணப் பத்திரிக்கைய உண்மையான கல்யாணம்னு காட்ட ஆதாரமா வெப்போம் இல்லையா, அதுல வீட்டுல கூப்பிடுற பேரு போட்டிருக்கும், பேருக்குப் பின்னாடி டிகிரி ஒட்டியிருக்கும், அப்பா பேருக்கு முன்னாடி ஊர் பேரு இருக்கும். அந்தச் செல்லப் பேரும் ஃபார்ம்ல மத்த பேருகள்ல வரணும். பத்திரிக்கையில ஒரு பேரு, ஃபார்ம்ல வேற பேரே இல்லன்னு பதில், இதப் பாத்தா யாருக்கும் கேள்வி வரத்தான் செய்யும்.

7. ஐ-130 நிரப்பும்போது

இத அமெரிக்காவுல இருக்கிறவர் போடுவாரு. ஆன்லைன்ல 625 டாலர், பேப்பர்ல 675 டாலர், கட்டணம் மாறிக்கிட்டே இருக்கும், கட்டுற அன்னைக்கு யுஎஸ்சிஐஎஸ், அதாவது அமெரிக்க குடியேற்றத் துறை சைட்ல பாத்துக்கோங்க. கூடவே ஐ-130ஏன்னு துணைக்கான ஃபார்ம் ஒண்ணு இருக்கு. அவரே ராத்திரி உக்காந்து ஞாபகத்துல இருந்து நிரப்பிடுவாரு, அதுக்கு விடாதீங்க, உங்க பட்டியல அனுப்பி வெச்சு ஃபோன்லயோ வீடியோ கால்லயோ சேந்து நிரப்புங்க.

இதுவரைக்கும் பயன்படுத்தின மத்த பேருகள்னு கேக்கிற இடத்துல எல்லாத்தையும் போடுங்க. இனிஷியலோட இருக்கிறது, ஸ்பெல்லிங் மாறினது, கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தது, செல்லப் பேரு. இடம் பத்தலன்னா கூடுதல் விவரப் பக்கத்துல எழுதலாம். நிறைய எழுதினா சந்தேகப்படுவாங்களோன்னு ஒரு பயம் இருக்கும், எனக்கும் இருந்தது, ஆனா அப்படி இல்ல. நீங்க எழுதின பேரு டாக்குமென்ட்ல வந்தா அது ஏற்கனவே சொன்னது. எழுதாத பேரு வந்தாத்தான் ஏன் சொல்லலன்னு கேள்வி.

உங்க பேர தமிழ் எழுத்துல எழுதச் சொல்லி ஒரு இடம் இருக்கு, அதக் காலியா விட்டுடாதீங்க.

பாஸ்போர்ட்ல ஒத்தப் பேரோடயே போறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா அந்தப் பேர குடும்பப் பேரு கட்டத்துல போட்டு, கிவன் நேம்ல எஃப்என்யுன்னு போடுங்க, டிஎஸ்-260லயும் அப்படியேதான். ஒரு ஃபார்ம்ல அப்பா பேர சர்நேமா போட்டுட்டு இன்னொண்ணுல எஃப்என்யு போட்டா நீங்களே புது வித்தியாசத்த உண்டாக்கின மாதிரி ஆயிடும்.

அவரோட பேரையும் சரிபாருங்க. சிட்டிசன்ஷிப் சான்றிதழ், அமெரிக்க பாஸ்போர்ட், டாக்ஸ் ரிட்டர்ன், சம்பள ஸ்லிப், கல்யாணச் சான்றிதழ் எல்லாத்துலயும் எப்படி இருக்கு? அவர் பேரு மாறியிருந்தா மாறினதுக்கான கோர்ட் ஆர்டரோ, பேரு மாத்தத்தோட வந்த சிட்டிசன்ஷிப் பேப்பரோ சேத்து வைக்கணும். விண்ணப்பிக்கிறவங்களோட பேரையே நூறு தடவை பாத்துட்டு ஸ்பான்சர் பேரப் பாக்காம விட்டுடுறது வழக்கமா நடக்குற ஒண்ணு.

நீங்க முன்னாடி டூரிஸ்ட் விசாவுக்கோ ஸ்டூடன்ட் விசாவுக்கோ விண்ணப்பிச்சிருந்தா அதுல என்ன பேரு குடுத்தீங்கன்னு தேடிப் பாருங்க. அந்த ஃபார்ம் அவங்க கிட்ட இருக்கு. அதுல வேற பேரு இல்லன்னு சொல்லியிருந்து இப்ப அஞ்சு பேரு எழுதுறீங்கன்னா அதுக்கும் சேத்து அஃபிடவிட்ல ஒரு வரி எழுதுங்க. இதுல கொஞ்சம் சிக்கலா இருந்தா, இல்ல பிறந்த தேதி மாறியிருந்தா, இமிக்ரேஷன் வக்கீல் ஒருத்தர ஒரு தடவை பாத்துப் பேசுறதுக்குக் காசு குடுக்கலாம். சாதாரண இனிஷியல் பிரச்சினைக்கு வக்கீல் தேவையில்ல.

8. என்விசி, டிஎஸ்-260, பிசிசி

ஐ-130 அப்ரூவ் ஆனதும் ஃபைல் என்விசிக்குப் போகும். விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், ஸ்பான்சர் பேப்பருக்கு 120 டாலர். டிஎஸ்-260லயும் மத்த பேருகள் கேள்வி வரும், ஐ-130ல எழுதின அதே பட்டியல், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். நடுவுல புதுசா ஒரு பேரு கண்ணுல பட்டா மட்டும் அதையும் சேருங்க. ஒரு தடவை சப்மிட் பண்ணா ஃபார்ம் பூட்டிக்கும், திருத்தணும்னா என்விசிக்கு எழுதி திறக்கச் சொல்லணும், அதுல வாரக்கணக்குல போகும்.

அஃபிடவிட்ட தனியா ஏத்த இடம் இல்லன்னா எந்த டாக்குமென்ட்ல பேரு வித்தியாசமோ அதோடயே ஒரே ஃபைலா சேத்து ஏத்துங்க. பிறப்புச் சான்றிதழ், அதோட மொழிபெயர்ப்பு, அஃபிடவிட் மூணும் ஒண்ணா.

போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட், பிசிசி, பாஸ்போர்ட் சேவாவுலயே 500 ரூபா. பிசிசில பாஸ்போர்ட் பேரும் நம்பரும்தான் வரும், அதனால பாஸ்போர்ட் மாத்துற வேலை பாக்கி இருந்தா பிசிசி எடுக்காதீங்க. புது பாஸ்போர்ட் வந்தா நம்பர் மாறிடும், பழைய பிசிசி வீண். எடுத்த தேதியில இருந்து ரெண்டு வருஷம்தான் கணக்கு, ஆரம்பத்துலயே எடுத்து வெச்சா இன்டர்வியூ வர்றதுக்குள்ள காலாவதி ஆகவும் வாய்ப்பு இருக்கு.

9. மெடிக்கல், மும்பை இன்டர்வியூ

இமிக்ரன்ட் விசா இன்டர்வியூ பெரும்பாலும் மும்பையிலதான், சென்னையில இல்ல. மெடிக்கலுக்குப் போகும்போது தடுப்பூசி கார்டுல பேரு எப்படி இருக்குன்னு பாருங்க, சின்ன வயசு கார்டுல பாப்பான்னு மட்டும்கூட இருக்கும்.

இன்டர்வியூவுக்கு எல்லா ஒரிஜினலும், பழைய பாஸ்போர்ட், அஃபிடவிட் ஒரிஜினல், அப்பா அம்மா குடுத்த அஃபிடவிட். உங்க பட்டியல மேல ஒரு பக்கமா வெச்சுக்கோங்க. கேட்டா சுருக்கமாச் சொல்லுங்க, இந்த எழுத்து எங்க அப்பா பேரு, அவ்வளவுதான். தமிழ்லயே பேசணும்னா அப்பாயின்ட்மென்ட் வந்ததும் அதுக்கு என்ன வழின்னு விசாரிச்சுக்கோங்க, தெரியாத மொழியில பேர விளக்கப் போய் இன்னும் குழப்பிக்காதீங்க.

221ஜின்னு ஒரு தாள் குடுத்தா அதுல என்ன வேணும்னு டிக் பண்ணியிருப்பாங்க. அது முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் இல்ல, அந்த டாக்குமென்ட் வந்ததும் ஃபைல திரும்ப எடுப்பாங்க. என்ன கேட்டாங்களோ அத மட்டும், அவங்க சொன்ன வழியில அனுப்புங்க. பதட்டத்துல கேக்காததையும் சேத்து ஒரு கட்டு அனுப்பாதீங்க.

10. விசா கையில வந்ததும்

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி விசா பக்கத்தப் பாருங்க. பேரு, பிறந்த தேதி, விசா வகை, ஒவ்வொரு எழுத்தும். தப்பு இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே தூதரகத்துக்கு எழுதித் திருத்தி வாங்குங்க, விமானம் ஏறிட்டா அது கிரீன் கார்டு வரைக்கும் போயிடும். டிக்கெட்ல பாஸ்போர்ட் பேருதான், ஒத்தப் பேருக்காரங்க எப்படிப் போடணும்னு அந்த ஏர்லைன்ஸ் கிட்டயே கேட்டுட்டுப் போடுங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு முறை.

கிரீன் கார்டுக்கு 235 டாலர் யுஎஸ்சிஐஎஸ் இமிக்ரன்ட் ஃபீ கட்டணும், கிளம்புறதுக்கு முன்னாடி கட்டிடுறது நல்லது. கார்டு வந்ததும் பேரு சரியான்னு பாருங்க. அவங்க தப்புன்னா ஐ-90ன்னு கார்ட மாத்திக் கேக்கிற ஃபார்ம்ல கட்டணம் இல்லாம மாத்திக் குடுப்பாங்க. நீங்க சட்டப்படி பேரு மாத்தி அதுக்காக புது கார்டு கேக்கறீங்கன்னா ஆன்லைன்ல 415 டாலர், பேப்பர்ல 465. எஃப்என்யு வந்தது அவங்க தப்பு இல்ல, பாஸ்போர்ட்ல இருந்ததத்தான் போட்டாங்கன்னு சொல்லிடுவாங்க, அதுக்குத்தான் ரெண்டாவது படிய அவ்வளவு நீட்டி எழுதினேன்.

நீங்க அமெரிக்காவுல நுழையுற அன்னைக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகலன்னா கிடைக்கிறது ரெண்டு வருஷ கார்டு. அது முடியறதுக்கு முன்னாடி இருக்கிற 90 நாளுக்குள்ள ஐ-751, அதாவது ரெண்டு வருஷ நிபந்தனைய நீக்கச் சொல்லிக் கேக்கிற ஃபார்ம் போடணும், 750 டாலர். அதுல திரும்பவும் ரெண்டு பேரோட ஆதாரங்களும் கேப்பாங்க, வீட்டு வாடகை ஒப்பந்தம், ஜாயின்ட் அக்கவுண்ட், இன்ஷூரன்ஸ், டாக்ஸ். அதனால போய் இறங்கின முதல் வாரத்துல இருந்தே பேங்க், லைசென்ஸ், வாடகைப் பத்திரம்னு எதுல பேரு குடுத்தாலும் கிரீன் கார்டுல இருக்கிற மாதிரியே குடுங்க, இனிஷியல் போட்டுப் பழகின கைய அங்க கொஞ்சம் கட்டிப் போடுங்க, அந்த அஃபிடவிட்டோட இன்னொரு ஒரிஜினலையும் பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போங்க.